தொட்டிச் செடிகளில் பூச்சித் தொல்லை: வீட்டுக்குக் கேடில்லாமல் கட்டுப்படுத்தும் முறைகள்

பத்துத் தொட்டிச் செடியாவது இல்லாத உழவர் வீட்டு முற்றம் அபூர்வம். துளசி, கறிவேப்பிலை, செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, நாலு மிளகாய்ச் செடி, ஒரு எலுமிச்சை என்று பழைய எண்ணெய் டின்னிலும், வாய் உடைந்த பானையிலும், சிமெண்டுச் சாக்கிலும் ஏதாவது ஒன்று தழைத்துக்கொண்டிருக்கும். இப்போது பல சிறு விவசாயக் குடும்பங்கள் பாலித்தீன் பைகளில் பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளும் மல்லிகைப் பதியன்களும் வளர்த்து விற்று, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் பார்க்கின்றன. ஆல், அரசு, இச்சி போன்ற மரங்களைத் தட்டையான தொட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் முறையும் நம் பக்கத்தில் பரவி வருகிறது.

இந்தச் செடிகளில் பூச்சி விழுந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். பருத்திக்கோ நெல்லுக்கோ வாங்கிய மருந்தில் மிச்சம் இருப்பதைக் கண் மதிப்பில் தண்ணீரில் ஊற்றித் தெளித்துவிடுகிறார்கள். வயலில் தெளிப்பதற்கும் வாசலில் தெளிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வயலில் மருந்து அடித்தால் அன்று அங்கே ஆள் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் அப்படி முடியாது. குழந்தை தவழும் இடமும், கோழி மேயும் இடமும், குடிநீர்க் குடம் இருக்கும் இடமும் அதுதான். காலையில் தெளித்த கறிவேப்பிலையை மத்தியானம் ரசத்தில் கிள்ளிப் போடுகிறோம். மல்லிகையைப் பறித்துத் தலையில் சூடுகிறோம். 'மருந்து, மருந்து' என்று சொல்லிப் பழகியதால் அது விஷம் என்பதே நமக்கு மறந்து போகிறது.

தொட்டிச் செடியின் பூச்சிகளைப் பெரும்பாலும் விஷம் இல்லாமலே கட்டுப்படுத்தலாம். பத்துச் செடி என்பது ஒரு ஏக்கர் அல்ல. ஒவ்வொரு இலையையும் கையால் தொட்டுப் பார்க்க முடியும். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிகளை இங்கே பார்ப்போம்.

தொட்டியில் பூச்சி அதிகமாவது ஏன்?

நிலத்தில் நிற்கும் செடிக்கு வேர் தூரமாக ஓடும். தொட்டிச் செடிக்கு உள்ளது இரண்டு படி மண்தான். ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடும். வாடிய செடியைச் செஞ்சிலந்தி எளிதாகப் பிடிக்கும். தாழ்வாரத்தின் கீழ் இருக்கும் செடியின்மேல் மழை விழுவதில்லை. மழை அடித்தால் கழுவிக்கொண்டு போகிற அசுவினியும் சிலந்தியும் அங்கே நிம்மதியாகப் பெருகும். மொட்டை மாடியில் வெயிலும், தெரு ஓரத்தில் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு காரணம் யூரியா. 'செடி கருகருவென்று வர வேண்டும்' என்று ஒரு கைப்பிடி யூரியாவைத் தொட்டியில் போடுபவர்கள் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் தளிர் நீர்கோத்து மெத்தென்று இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அதுதான் விருந்து. மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி போட்டாலே பெரும்பாலான செடிகளுக்குப் போதும்.

தொட்டிகளை நெருக்கி வைப்பதும் தவறு. ஒரு செடியின் இலை அடுத்த செடியைத் தொட்டால் மாவுப்பூச்சிக்குப் பாலம் கட்டிக் கொடுத்ததாகும். காற்றோட்டம் இருக்கும்படி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

பூச்சியை அடையாளம் காண்பது

எந்தப் பூச்சி என்று தெரியாமல் எதையும் தெளிக்கக் கூடாது. வாரம் இருமுறை ஒவ்வொரு செடியிலும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: இலையின் அடிப்புறம், நுனிக் குருத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் கணு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின் கீழே பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டினால், விழுந்த புள்ளிகளில் சில நகர ஆரம்பிக்கும். மெல்ல ஊரும் சிவப்புப் புள்ளிகள் செஞ்சிலந்தி. ஒல்லியாக, நீளமாக, வேகமாக ஓடுபவை இலைப்பேன்.

அசுவினி: பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் குருத்திலும் மொட்டிலும் கூட்டமாக அப்பியிருக்கும். இது ஆண் சேர்க்கை இல்லாமலே குட்டி போடும். பிறந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். இன்று பத்து இருந்ததே என்று அசட்டையாக இருந்தால் பதினைந்தாம் நாள் குருத்தே தெரியாது.

மாவுப்பூச்சி: கணுக்களிலும் இலை அடியிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். செம்பருத்தி, பப்பாளி, குரோட்டன்ஸ் செடிகளில் மிகுதி. உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் சாதாரணமாகத் தெளிக்கும் தண்ணீரும் மருந்தும் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

செதில் பூச்சி: தண்டில் பழுப்பு நிறப் பொட்டு ஒட்டியதுபோல் அசையாமல் இருக்கும். மரத்தின் மேடு என்று நினைத்து விட்டுவிடுவோம். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது பூச்சி.

செஞ்சிலந்தி: கோடையின் எதிரி. இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் தோன்றி, இலை வெண்கல நிறமாகி, மெல்லிய நூலாம்படை கட்டும். இது பூச்சி இனம் அல்ல, சிலந்தி இனம். ஆகவே பூச்சிக்கென்று விற்கும் பல மருந்துகள் இதற்குப் பலிப்பதில்லை. இதைத் தின்னும் நல்ல சிலந்திகளையும் வண்டுகளையும் அந்த மருந்துகள் கொன்றுவிடுவதால், தெளித்த பிறகு செஞ்சிலந்தி இன்னும் பெருகுவதும் உண்டு.

இலைப்பேனும் முரணைச் சிலந்தியும்: மிளகாய்ச் செடியில் இந்த இரண்டையும் இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்தால் முரணைச் சிலந்தி. ரோஜாவில் மொட்டு கருகி விரியாமல் நின்றால் இலைப்பேனைச் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளை ஈ: செடியை அசைத்தால் வெள்ளைத் துகள் பறந்து மறுபடி இலை அடியில் போய் உட்காரும். தக்காளி, மிளகாய்ச் செடிகளில் இலைச்சுருட்டு வைரஸ் நோயைப் பரப்புவது இதுதான்.

எலுமிச்சையைத் தாக்குபவை: தளிர் இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் வெள்ளிக் கோடு இருந்தால் இலைத்துளைப்பான். பறவை எச்சம்போல் இலையில் ஒட்டியிருந்து, பெரிதானதும் பச்சையாகி, தொட்டால் கொம்பு நீட்டி நாற்றம் விடுவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்தப் புழு கறிவேப்பிலையையும் தின்னும். எலுமிச்சை, கறிவேப்பிலை இரண்டுக்கும் பொதுவான இன்னொரு எதிரி, தளிரில் சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி. எலுமிச்சை வகைகளில் பசுமை நோயைப் பரப்புவது இதுவே. ஆகவே விற்பனைக்கு எலுமிச்சைக் கன்று வளர்ப்பவர்கள் கறிவேப்பிலையை அதன் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

எறும்பைப் பார்த்தால் மேலே பாருங்கள்

செடியில் எறும்புச் சாரை ஏறினால் அது சும்மா ஏறவில்லை. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போல் கழிக்கின்றன. அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. குடித்துவிட்டுச் சும்மா போவதில்லை. பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும், முட்டையிட வரும் குளவியையும் விரட்டிக் காவல் காக்கிறது. மாவுப்பூச்சிக் குஞ்சுகளைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகிறது. அந்தத் தேன் வழிந்த இலைமேல் கரும்பூசணம் படர்ந்து இலை புகை படிந்ததுபோல் ஆகும். பூசணத்துக்கு மருந்து தேட வேண்டாம். பூச்சி போனால் தேன் போகும், தேன் போனால் பூசணம் உதிரும்.

எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பலகாரப் பாத்திரத்தை எறும்பு மொய்க்காமல் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல், மூன்று கல்லை ஒரு அகலத் தட்டில் வைத்து அதன்மேல் தொட்டியை வைத்து, தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடியின் இலை சுவரையோ கொடியையோ தொடாமல் இருந்தால்தான் இது பலிக்கும். ஒரு எச்சரிக்கை: டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு முடியாதவர்கள் தட்டு வைக்காமல் இருப்பதே மேல்.

முதல் படி: கையும் தண்ணீரும்

புழுக்களைக் கையால் பொறுக்கிவிடலாம். இலைத்துளைப்பான் கோடு போட்ட இலைகள் நாலைந்து இருந்தால் கிள்ளி எரித்துவிடலாம். மாவுப்பூச்சி அடர்ந்த கிளையை அதன் கீழே ஒரு பையைப் பிடித்து வெட்டி, பையோடு முடிந்து அப்புறப்படுத்த வேண்டும். வெட்டியதைக் குப்பைக் குழியில் போட்டால் அங்கிருந்து மறுபடி ஏறும்.

அசுவினிக்கும் செஞ்சிலந்திக்கும் தண்ணீரே நல்ல ஆயுதம். காலை நேரத்தில் இலை அடிப்புறத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சிறு தொட்டியாக இருந்தால் மண் கொட்டாமல் ஒரு துணியால் மூடிக் கட்டி, செடியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறையாக மூன்று நான்கு தடவை செய்தால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். கீழே விழுந்த அசுவினி பெரும்பாலும் திரும்பி ஏறுவதில்லை.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால், மருந்துக் கடையில் காயம் துடைக்க விற்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பூச்சியின்மேல் தொட வேண்டும். மெழுகு கரைந்து பூச்சி சாகும். இலை முழுவதும் தடவக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: சோப்புக் கரைசல்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் காதி சோப்பைச் சீவிப் போட்டு, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பிறகு மீதித் தண்ணீர் சேர்த்துத் தெளிக்கலாம். சலவைத் தூளைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள சோடா இலையைக் கருக்கும். சோப்புப் பட்டால் உடம்பு மென்மையான பூச்சிகளின் மேல்தோல் கெட்டு அவை சாகின்றன. அசுவினி, வெள்ளை ஈயின் குஞ்சு, மாவுப்பூச்சிக் குஞ்சு ஆகியவற்றுக்கு இது நன்றாகக் கேட்கும்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பூச்சியின்மேல் ஈரமாகப் பட்டால்தான் சோப்பு வேலை செய்யும். காய்ந்த பின் அதற்கு வீரியம் இல்லை. எனவே இலை அடிப்புறம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். இரண்டு, முட்டை தப்பிவிடும். அது பொரித்து வருவதைக் கொல்ல 5 முதல் 7 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை தெளிக்க வேண்டும். ஒரு தடவை தெளித்துவிட்டு, 'சோப்புக்குக் கேட்கவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. மூன்று, உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து திப்பியாகிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் படி: வேம்பு

வேப்பங்கொட்டை நம் காலடியில் கிடைக்கும் பொருள். ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்குப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூசணம் பிடித்த கொட்டையும், ஒரு வருடம் கடந்த கொட்டையும் வீரியம் குறைந்தவை.

ஒரு லிட்டர் கரைசலுக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு போதும். ஓட்டை நீக்கிப் பருப்பை இடித்து, 200 மில்லி தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். மறுநாள் மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, பால்போன்ற சாறு எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்து, 2 கிராம் காதி சோப்பும் கலந்து வடிகட்டித் தெளிக்கலாம். சாறு பால் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக வந்தால் கொட்டை கெட்டது என்று பொருள். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பருப்பு இல்லாதவர்கள் வேப்பெண்ணெய் உபயோகிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் கலக்காது. முதலில் 2 அல்லது 3 கிராம் சோப்பை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, பால்போல் ஆகும்வரை அடித்துக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீர் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்கக் கூடாது; அந்த எண்ணெய் பட்ட இடத்தில் இலை வெந்துவிடும். வாடியிருக்கும் செடிக்கும், உச்சி வெயிலிலும் தெளிக்கக் கூடாது. புதிதாக எந்தக் கரைசலையும் முதலில் இரண்டு இலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு செடி முழுவதும் தெளிப்பது நல்ல பழக்கம்.

வேம்பு பட்ட உடனே பூச்சி செத்து விழாது. அது தின்பதைக் குறைக்கும், தோலுரிக்க முடியாமல் செய்யும், முட்டையிடுவதைத் தடுக்கும். பத்து நாள் பொறுமை வேண்டும்.

புழுவுக்கு மட்டும் வேறொன்று தேவையானால், பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்னும் பாக்டீரியாத் தூளை உறையில் கூறிய அளவில் தெளிக்கலாம். தின்ற புழு மட்டுமே சாகும். ஆனால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் முசுக்கொட்டை அருகில் இதைப் பயன்படுத்தவே கூடாது, பட்டுப்புழுவும் புழுதானே!

செஞ்சிலந்தியும் முரணையும் தண்ணீருக்கும் வேம்புக்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளிக்கலாம். கடும் வெயில் காலத்தில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு மூன்று வாரம் கழித்தே கந்தகம் தெளிக்க வேண்டும். பூசணி, பாகல் போன்ற கொடிகளுக்குக் கந்தகம் ஆகாது.

வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். பழைய டின் தகட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, செடியின் உயரத்தில் கட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். இலைப்பேனுக்கு நீல நிறத் தகடு ஏற்றது.

நண்பனைக் கொல்லாதீர்கள்

பூச்சியெல்லாம் பகை அல்ல. பொறிவண்டும் அதன் குஞ்சும் அசுவினியை மென்று தின்னும். இலையில் மெல்லிய நூல் நுனியில் தொங்கும் முட்டையைக் கண்டால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் குஞ்சு அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் எமன்.

இதில் ஏமாற்றும் ஒன்று உண்டு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1898-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் குஞ்சு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு நூல்களோடு இருக்கும். ஒரு குச்சியால் தொட்டுப் பார்க்க வேண்டும். உடம்பு பெரிதாக, நூல்கள் நீளமாக, விரைந்து ஓடினால் அது வண்டின் குஞ்சு; விட்டுவிட வேண்டும். மந்தமாக அப்படியே கிடந்தால் மாவுப்பூச்சி.

நண்பன் எவ்வளவு பெரியவன் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து உலகில் பரவிய பூச்சி இது. இங்கே அதன் இயற்கை எதிரி இல்லை. பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் பிடித்தது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தும் மெழுகுக்குள் இருந்த பூச்சி அடங்கவில்லை. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோரிகோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய குளவியைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு, தோட்டம் தோட்டமாக அதை அடக்கியது. அந்தக் குளவி பரவிய இடத்தில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி முதுகில் சிறு துளையோடு கிடந்தால், உள்ளேயிருந்து குளவி வெளியேறிவிட்டது என்று அறிந்து, அந்தச் செடியில் எதையும் தெளிக்காமல் விட வேண்டும்.

போன்சாய்க்குத் தனிக் கவனம்

குறுமரத்துக்கு மண் கொஞ்சம், இலையும் கொஞ்சம். பெரிய மரம் நூறு இலை இழந்தால் தெரியாது. இதற்கு முப்பது இலை கருகினால் பல வருட உழைப்பு போயிற்று. ஆகவே எந்தக் கரைசலையும் பாதி அளவில் தொடங்குவது நல்லது. தெளிக்கும்போது தொட்டி மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடிக்கொண்டால் சோப்பும் எண்ணெயும் மண்ணில் சேர்ந்து வேரைக் கெடுக்காது. வெள்ளால் இனச் செடிகளில் இளம் இலை நீளவாட்டில் பணப்பைபோல் மடிந்து, பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மடிந்த இலைக்குள் தெளிப்பு எட்டாது. அந்த இலைகளைக் கிள்ளி எரிப்பதே சிகிச்சை. ஆல் இனம் மீண்டும் தளிர்க்கும்.

காரணமில்லாமல் செடி சோர்ந்தால், மண் மாற்றும்போது வேரைப் பார்க்க வேண்டும். வேரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுதும் உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, கெட்ட வேரை வெட்டி, புது மண்ணில் நட வேண்டும். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடக் கூடாது.

செய்யவே கூடாதவை

குருணை மருந்தைத் தொட்டி மண்ணில் போடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. குருணையை வேர் உறிஞ்சி இலைக்குள் கொண்டு சேர்க்கும். மேலே தெளித்ததைக் கழுவலாம். இலைக்குள் ஊறியதை எந்தத் தண்ணீரும் கழுவாது. கறிவேப்பிலை, மிளகாய், தக்காளித் தொட்டியில் இதைப் போடுவது சாப்பாட்டுத் தட்டில் போடுவதற்குச் சமம். கோழியும் குருவியும் குருணையைத் தானியம் என்று கொத்திச் சாகும். போரேட் குருணையும் டைக்குளோர்வாஸ் மருந்தும் 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. எண்டோசல்பான் 2011-ஆம் ஆண்டிலேயே தடையாயிற்று. பரணில் பழைய டப்பா கிடந்தால் அதைத் தொட்டிச் செடிக்குத் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேளாண்மை அலுவலரிடம் சொல்லி அப்புறப்படுத்தும் வழியைக் கேட்க வேண்டும்.

புகையிலைக் கஷாயம் இயற்கையானது, கெடுதல் இல்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் கடும் விஷம். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தேமல் வைரஸையும் புகையிலை கொண்டுவரக்கூடும். வீட்டில் அதைக் காய்ச்ச வேண்டாம். மண்ணெண்ணெயும், கரப்பானுக்கு அடிக்கும் வீட்டு மருந்தும் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெயைக்கூடக் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சிறு குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து.

வயலுக்குக் களைக்கொல்லி அடித்த தெளிப்பானைத் தொட்டிச் செடிக்குக் கொண்டுவரக் கூடாது. 2,4-டி களைக்கொல்லி ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் தக்காளி, மிளகாய்ச் செடிகளின் இலை முறுக்கிக்கொள்ளும். அதைப் பூச்சி என்று எண்ணி மேலும் மருந்து அடிப்பவர்களும் உண்டு. வீட்டுச் செடிக்கென்று ஒரு லிட்டர் கைத்தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ரசாயன மருந்து தவிர்க்க முடியாதபோது

விற்பனைக் கன்றுகள் நூற்றுக்கணக்கில் இருந்து, மேலே சொன்ன எதற்கும் அடங்காவிட்டால், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் தாக்கப்பட்ட இலையைக் காட்டி, அந்தச் செடிக்குச் சிபாரிசு உள்ள மருந்தை மட்டும் வாங்க வேண்டும். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம். சிவப்பும் மஞ்சளும் வீட்டு முற்றத்துக்கு வரவே கூடாது. பச்சை என்றாலும் அது பால் அல்ல. எச்சரிக்கை அதற்கும் உண்டு.

அளவை மூடியால் அளக்கக் கூடாது. மூடிக்கு மூடி வித்தியாசப்படும். ஊசிக் குழலில் மில்லி கணக்காக அளந்து, அந்தக் குழலை வேறெதற்கும் உபயோகிக்காமல் மருந்தோடேயே பூட்டி வைக்க வேண்டும். தொட்டிகளை வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோய், காற்றில்லாத மாலையில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தெளிக்க வேண்டும். டப்பாவில் கூறிய காத்திருப்பு நாள் முடியும்வரை இலையோ காயோ பறிக்கக் கூடாது. மருந்தைக் குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றவே கூடாது. குழந்தைகள் விஷம் குடித்த எத்தனையோ சம்பவங்களில் காரணம் இந்த ஒன்றுதான்.

மருந்து தோலில் பட்டால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசலோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிவு கொடுக்க முடியும்.

புதுச் செடிக்குப் பதினைந்து நாள்

பெரும்பாலான பூச்சிகள் பறந்து வருவதைவிட நாம் வாங்கும் செடியோடு வண்டியேறி வருகின்றன. சந்தையிலோ நாற்றங்காலிலோ வாங்கிய செடியை உடனே மற்றவற்றோடு சேர்க்காமல் பதினைந்து நாள் தனியாக வைத்துக் கணுவும் இலை அடியும் பார்க்க வேண்டும். கன்று விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாவுப்பூச்சியோடு போகிற ஒரு பப்பாளிக் கன்று, வாங்கியவரின் அரை ஏக்கரையும் கெடுக்கும். சுத்தமான கன்று கொடுப்பவரிடம்தான் வாடிக்கைக்காரர் அடுத்த பருவத்திலும் வருவார்.

நினைவில் கொள்ள:

1. வாரம் இருமுறை இலை அடி, குருத்து, கணு மூன்றையும் பாருங்கள். எறும்பைக் கண்டால் பூச்சியைத் தேடுங்கள்.

2. முதலில் கை, பிறகு தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு வேம்பு. இந்த வரிசையைத் தாண்ட வேண்டிய அவசியம் தொட்டிச் செடிக்கு மிக அரிது.

3. சோப்பும் வேம்பும் மாலையில், இலை அடிப்புறத்தில், ஒரு வார இடைவெளியில் மூன்று முறை.

4. பொறிவண்டும் குளவியும் வேலை செய்கிற செடியில் எதையும் தெளிக்க வேண்டாம்.

5. வயலுக்குக் கலந்த மருந்தின் மிச்சம் வாசலுக்கு வரக் கூடாது. சாப்பிடும் இலைக்குக் குருணை கூடவே கூடாது.

கறிவேப்பிலையில் நாலு இலையைப் புழு தின்றால் போகட்டும். மீதி இலையை நாம் பயமில்லாமல் கிள்ளிச் சட்டியில் போடலாம்.